ஏக்கர், ஆள், வீடு: அண்டை நாடுகளின் உற்பத்தியையும் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிடும் முறை

ஒரு தேசத்தின் செல்வ நிலையை அண்டைத் தேசங்களின் செல்வ நிலையோடு ஒப்பிட்டுப் பேசுவது இக்காலத்தில் எங்கும் வழக்கமாகிவிட்டது. வியட்நாம் நம்மை முந்திவிட்டதென்றும், வங்காள தேசம் நம்மை எட்டிவிட்டதென்றும் சொல்லப்படும் செய்திகள் பட்டணத்து ஆபீஸ்களில் மட்டுமன்றிக் கிராமச் சாவடிகளிலும் பேசப்பட்டு வருகின்றன. இவை பேச்சளவில் நின்றுவிடுமாயின் அவற்றைப் பற்றி இங்கே எழுத வேண்டுவதில்லை. ஆனால், "பயிர்த் தொழிலில் நிலைத்த நாடு முன்னுக்கு வராது, தொழிற்சாலைக்கு மாறிய நாடே பிழைத்தது" என்று அச்செய்திகளிலிருந்து அவசரமாக முடிவு செய்து, நிலமுடையோர் சிலர் தம் பாட்டன் காலத்துப் பாசன நிலத்தையே கைவிடத் துணிகின்றனர். ஆகையால் இவ்வொப்பீடுகள் எவ்வாறு செய்யப்படுகின்றன, அவற்றில் நம்பத்தக்கது எது, நிலமுடைய குடியானவருக்கு அவை உண்மையில் சொல்லும் பாடம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

இவ்விஷயத்தை ஆராய்வதற்குச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சிங்கப்பெருமாள் கோவில் மிகவும் பொருத்தமான இடமாகும். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பாதை இவ்வூரில்தான் பிரிகிறது. ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பட்டங்களில் நெல் விளைந்துவரும் இந்தப் பிரதேசத்தில், 1990-க்குப் பின் மோட்டார் வண்டிகளும், கைப்பேசிகளும், யந்திர உறுப்புக்களும் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. வயலும் தொழிற்சாலையும் ஒரே வரப்பில் சந்திக்கும் இடமாதலின், தேசங்களுக்கிடையே எழும் கேள்வி இங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் எழுகின்றது.

கணக்குத் தொடங்கும் இடம்

தேசத்தின் உற்பத்திக் கணக்கு டில்லியில் தொடங்குவதென்று பலர் எண்ணுகின்றனர். பயிர்களைப் பொறுத்தவரை அது கிராமத்து அடங்கலில் தொடங்குகின்றது. எந்தச் சர்வே நம்பரில், எந்தப் பட்டத்தில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் பதிகின்றார். கர்ணம், மணியக்காரர் என்னும் பரம்பரை உத்தியோகங்கள் 1980-ல் நீக்கப்பட்ட பின்னரும் இக்கடமை மாறவில்லை. பரப்புக் கணக்கு இவ்வாறு கிடைக்கிறது. ஏக்கருக்கு எவ்வளவு கண்டது என்பதோ அறுவடைப் பரிசோதனையால் கிடைக்கின்றது. சீட்டுப் போட்டதுபோல் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுத்த வயல்களில், அளந்து குறித்த ஒரு சிறு பகுதியை அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்த்து, அதனின்றும் ஜில்லாவின் சராசரி கணிக்கப்படுகிறது. பி. ஸி. மஹலநோபிஸ், பி. வி. சுகாத்மே ஆகிய இரு புள்ளிவிவர அறிஞர்கள் 1940-க்குப் பின் இம்முறையை நம் தேசத்தில் வேரூன்றச் செய்தனர்.

நமது பிரதேசத்திற்கு இது புதிதன்று. 1767 முதல் 1774 வரையில் பார்னார்டு என்னும் என்ஜினீயர் செங்கற்பட்டு ஜாகீரின் கிராமங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நிலம், ஏரி, வீடு, குடி ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அதற்கு ஆதாரமாயிருந்தவை கிராமக் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஏடுகளே.

பரப்பைத் தவறாக எழுதினால் மகசூலும், மகசூல் தவறினால் தேச உற்பத்தியும், அது தவறினால் அண்டை நாட்டோடு செய்யும் ஒப்பீடும் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறும். தரிசாய்க் கிடக்கும் வயலைச் சென்ற பசலியைப் பார்த்து "நெல்" என்றே எழுதிவிடுவது சிறு பிழையெனத் தோன்றினும், அதன் பயன் நெடுந்தூரம் செல்லும் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

தலைக்குரிய வருமானம்

தேசத்தில் ஒரு வருஷத்தில் உண்டான பொருள்களின் மதிப்பையும் ஊழியங்களின் மதிப்பையும் கூட்டி, ஜனத்தொகையால் வகுத்தால் வருவது தலைக்குரிய வருமானம். இந்தியாவுக்கு இக்கணக்கை முதலில் செய்தவர் தாதாபாய் நௌரோஜி. 1867-68-ம் வருஷத்திற்குத் தலைக்கு ரூ.20 என்று அவர் கண்டார். அத்தோடு நில்லாமல், சிறைச்சாலையில் ஒரு கைதிக்கு ஆகும் உணவு, உடைச் செலவோடு அதை ஒப்பிட்டு, சராசரி வருமானம் அச்செலவுக்கும் போதாதென எடுத்துக் காட்டினார். வருமானம் என்னும் எண்ணை வாழ்க்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் பாடம் அன்றே கற்பிக்கப்பட்டது.

ஐந்து நாடுகளின் நிலையைக் கீழே காண்க. எண்கள் யாவும் சமீப வருஷங்களின் நிலையைக் குறிப்பவை. முழு எண்களாகத் திருத்தப்பட்டவை. முதலாவது தலைக்குரிய வருமானம், 2024-ம் வருஷத்திற்கு அமெரிக்க டாலரில். இரண்டாவது ஏக்கருக்கு ஒரு போகத்தில் சராசரியாகக் காணும் நெல், 75 கிலோ மூட்டைக் கணக்கில். மூன்றாவது பிறக்கும் குழந்தை சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய ஆயுள்.

இந்தியா: 2,700 டாலர், 23 மூட்டை, 72 வயது.
வங்காள தேசம்: 2,600 டாலர், 27 மூட்டை, 74 வயது.
இலங்கை: 4,500 டாலர், சாதாரண வருஷத்தில் 24 மூட்டை, 77 வயது.
வியட்நாம்: 4,700 டாலர், 32 மூட்டை, 74 வயது.
தாய்லாந்து: 7,300 டாலர், 16 மூட்டை, 76 வயது.

இவ்வைந்து வரிகளையும் ஊன்றிப் பார்த்தால் வியப்பான ஒரு விஷயம் புலனாகும். ஏக்கர் விளைவில் கடைசியில் நிற்கும் தாய்லாந்தே வருமானத்தில் முதலில் நிற்கின்றது. வருமானத்தில் இந்தியாவோடு ஏறக்குறைய சமமான வங்காள தேசம், விளைவிலும் ஆயுளிலும் இந்தியாவை விஞ்சுகின்றது. ஆகவே ஒரே அளவுகோலைக் கொண்டு ஒரு நாடு முந்திற்று என்றோ பிந்திற்று என்றோ சொல்லிவிட முடியாது.

டாலர்க் கணக்கிலும் ஒரு குறையுண்டு. நாணய மாற்று விகிதப்படி இந்தியருடைய ரூபாயை டாலராக்கினால் தொகை சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்த ரூபாய்க்கு இங்கே கிடைக்கும் அரிசியும், முடிவெட்டும் கூலியும், பஸ் பிரயாணமும் அமெரிக்காவில் அதே பணத்திற்குக் கிடைக்கமாட்டா. இதைச் சரிப்படுத்துவதற்காக, உலக பாங்கியின் பொறுப்பில் நாடுகள் பலவற்றிலும் ஒரே வகைப் பண்டங்களின் விலைகளைத் திரட்டி, வாங்கும் சக்தியை ஒப்பிடுகின்றனர். அவ்வாறு பார்க்குங்கால் இந்தியாவின் தொகை ஏறத்தாழ 4 மடங்காகிறது. மற்ற நாடுகளின் தொகையும் உயர்வதால், வியட்நாமுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி குறைகிறதேயன்றி மறைந்துவிடுவதில்லை.

சிறு வித்தியாசங்களைப் பெரிதுபடுத்துவதும் தவறு. 2020 அக்டோபரில் சர்வதேச நாணய நிதி வெளியிட்ட மதிப்பீட்டில், அவ்வருஷத்தில் வங்காள தேசத்தின் தலைக்குரிய வருமானம் 1,888 டாலராகவும் இந்தியாவினுடையது 1,877 டாலராகவும் இருக்குமெனக் கூறப்பட்டது. வித்தியாசம் 11 டாலரே. கொள்ளை நோயால் இந்திய உற்பத்தி சுருங்கிய வருஷம் அது. எனினும் பத்திரிகைகளில் அது பெருஞ் செய்தியாயிற்று. நோயுற்ற வருஷத்தின் மகசூலைக் கொண்டு நிலத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் குடியானவர் எவருமில்லை. தேசத்திற்கும் அதுவே நியாயம்.

முதல் அளவு: ஏக்கர் விளைவு

ஏக்கர் விளைவை ஒப்பிடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது, சொல்லப்படும் எடை நெல்லா அரிசியா என்பதே. இந்திய விவசாய இலாகாவின் கணக்கு அரிசியில் இருக்கும். 2023-24-ல் அது ஹெக்டேருக்குச் சுமார் 2,880 கிலோ. அயல்நாடுகளின் கணக்கைத் தரும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமோ நெல்லில் தருகின்றது. 3 பங்கு நெல்லுக்கு 2 பங்கு அரிசி என்னும் வழக்கப்படி மாற்றாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நம் நிலம் உள்ளதைவிட மலடாகத் தோன்றும். மேலும், தமிழ்நாட்டின் சராசரி விளைவு அகில இந்தியச் சராசரியைவிட அதிகமென்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவும் கழித்துப் பார்த்தபின்பும் வியட்நாம் நம்மைவிட அதிகம் காண்கிறதென்பது மெய்யே. மேகாங் ஆற்றின் கழிமுகத்தில் வருஷத்திற்கு இரண்டு, சில இடங்களில் மூன்று போகம் விளைகின்றது. ஆற்று நீர், குறுகிய காலப் பயிர், தரமான விதை, தாராளமான உரம் ஆகிய நான்கும் இதற்குக் காரணம். விதை விஷயத்தில் நமது பிரதேசத்திற்கும் ஒரு பங்குண்டு. திருவள்ளூருக்கருகே திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கப்பட்ட டி.கே.எம். 6 என்னும் ரகம், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1969-ல் வெளியிட்ட ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்று. 1976-ல் வந்த ஐ.ஆர். 36-ன் வம்சாவளியிலும் அது உள்ளது. புகையான் பூச்சியால் தவித்த வியட்நாமியக் குடியானவர்களுக்கு இந்த ஐ.ஆர். 36 பெரிதும் கைகொடுத்தது. நம் விதையின் குணம் அவர்கள் வயலில் பலன் தந்திருக்கையில், நம் வயலுக்கு அவ்விளைவு எட்டாத தூரம் என்று சோர்வதற்குக் காரணமில்லை.

இனித் தாய்லாந்தின் புதிரை விடுவிப்போம். அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியில் நெல் பெரும்பாலும் மானாவாரி. வருஷத்திற்கு ஒரு போகம். வாசனையுள்ள நீண்ட அரிசி ரகத்தை அவர்கள் பயிரிடுவதால் மூட்டை குறைந்தாலும் விலை கூடுகின்றது. குடும்பத்தின் சராசரி நிலம் நம்முடையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. ஆட்களின் வேலையில் பெரும்பகுதியை யந்திரம் செய்கின்றது. குடும்பத்தில் ஓரிருவர் பட்டணத்தில் வேலை பார்த்துப் பணம் அனுப்புகின்றனர். ஆகவே ஏக்கருக்கு 16 மூட்டையே கண்டாலும் குடும்பம் தாழ்ந்துவிடவில்லை. இங்கேதான் இரண்டாவது அளவு தோன்றுகின்றது.

இரண்டாம் அளவு: ஆள் விளைவு

இந்தியாவில் வேலை செய்வோர் 100 பேர் எனக் கொண்டால், அவர்களில் சுமார் 46 பேர் பயிர்த் தொழிலையும் அதைச் சார்ந்த தொழில்களையும் நம்பியிருக்கின்றனர். தேசத்தின் உற்பத்தி ரூ.100 எனக் கொண்டால், அதில் இத்தொழில்களின் பங்கு சுமார் ரூ.18. ஆகவே வயலில் உழைக்கும் ஓர் ஆளுக்குக் கிடைப்பது 39 பைசா. மற்றத் தொழில்களில் உள்ள 54 பேருக்குக் கிடைப்பது ரூ.82, ஆளுக்கு 1 ரூபாய் 52 பைசா. ஏறத்தாழ 4 மடங்கு வித்தியாசம்.

வியட்நாமில் வயலில் உள்ளோர் 100-க்குச் சுமார் 27 பேர். அவர்கள் பங்கு ரூ.12. ஆளுக்கு 44 பைசா. மற்றவர்களுக்கு 1 ரூபாய் 21 பைசா. வித்தியாசம் 3 மடங்கிற்கும் குறைவு. வங்காள தேசத்தில் வயலில் உள்ளோர் சுமார் 45 பேர், பங்கு ரூ.11. ஆளுக்கு 24 பைசாவே. ஏக்கருக்கு 27 மூட்டை காணும் நாட்டில் ஆளுக்குக் கிடைப்பது இவ்வளவு சொற்பமாயிருப்பதற்குக் காரணம், ஒரே வயலைப் பல கைகள் பங்கிட்டுக் கொள்வதே. இந்தப் பைசாக் கணக்கு அந்தந்த நாட்டின் உற்பத்தியையே 100 ரூபாயாகக் கொண்டு செய்யப்பட்டதென்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உள்நாட்டில் வயலுக்கும் வெளிவேலைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை அது காட்டும். ஒரு நாட்டின் பைசாவை மற்றொரு நாட்டின் பைசாவோடு நேரே ஒப்பிடலாகாது.

இதை ஒரு குடும்பத்தின் அளவில் பார்ப்போம். 2 ஏக்கர் நிலம், 50 மூட்டை நெல், உழைக்கும் கைகள் 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குப் பன்னிரண்டரை மூட்டை. நல்ல விதையாலும் உரத்தாலும் விளைவு ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்து 60 மூட்டையானால், ஆளுக்கு 15 மூட்டை. விளைவு உயராமல், இருவர் வெளியே சம்பளத்திற்குச் சென்று, நடவு யந்திரமும் அறுவடை யந்திரமும் கொண்டு மற்ற இருவர் சாகுபடியை நடத்தினால், யந்திர வாடகை போகுமுன் ஆளுக்கு 25 மூட்டை. அதற்குமேல் இருவர் சம்பளம். இவ்விரண்டும் சேர்ந்து நடந்தால் ஆளுக்கு 30 மூட்டை. அண்டை நாடுகளில் முன்னேறியவை யாவும் இந்த இரட்டை வழியிலேயே முன்னேறின. நிலத்தை விற்றுவிட்ட குடும்பத்துக்கோ இந்தக் கணக்கே இல்லை.

மூன்றாம் அளவு: வீட்டு நலம்

உண்டான பொருள் வீட்டை எவ்விதம் சேர்ந்தது என்பது மூன்றாவது கேள்வி. இதை அளப்பதற்காக மஹபூப் உல் ஹக் என்னும் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர், அமர்த்தியா சென்னின் துணையோடு, 1990-ல் ஒரு குறியீட்டை ஏற்படுத்தினார். ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் அதில் சேரும். 2025-ல் வெளிவந்த அறிக்கையில், 193 நாடுகளுள் இலங்கை 89-வது இடத்திலும், வியட்நாம் 93-வது இடத்திலும், இந்தியாவும் வங்காள தேசமும் ஒருங்கே 130-வது இடத்திலும் வைக்கப்பட்டுள்ளன.

இலங்கையின் உயர்வுக்குக் காரணம் பழமையானது. 1945-ல் கன்னங்கராவின் முயற்சியால் அங்கே பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை இலவசக் கல்வி ஏற்பட்டது. கிராமந்தோறும் மருத்துவச்சியும் இலவச ஆஸ்பத்திரியும் சென்று சேர்ந்தன. செல்வம் பெருகும் வரை காத்திராமல் கல்வியும் சுகாதாரமும் முதலில் அளிக்கப்பட்டன.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதற்கு இசைந்ததே. 1956-ல் தொடங்கி 1982-ல் விரிவாக்கப்பட்ட பள்ளி மதிய உணவும், ஆரம்ப சுகாதார நிலையங்களும் பயனளித்தன. 2020-ம் வருஷக் கணக்கின்படி, பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயதிற்குள் இறப்போர் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. தலைக்குரிய வருமானமும் 2022-23-ல் இந்தியாவில் ரூ.1.69 லட்சமாயிருக்க, தமிழ்நாட்டில் ரூ.2.78 லட்சமாயிருந்தது. வியட்நாமோடு நேராக ஒப்பிடத்தக்கது, ஏறக்குறைய 8 கோடி ஜனங்களைக் கொண்ட நமது மாகாணமே. அவ்வாறு ஒப்பிடுங்கால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகின்றது.

மூன்று நாடுகளின் அனுபவம்

1990-ல் வியட்நாமின் தலைக்குரிய வருமானம் இந்தியாவினுடையதில் பாதிக்கும் குறைவு. அதற்குச் சில வருஷங்கள் முன்பு அந்நாட்டில் அரிசிப் பஞ்சம் இருந்தது. கூட்டுப் பண்ணைகளில் உழைத்த குடியானவருக்கு 1981-ல் ஒப்பந்த முறையும், 1988-ல் குடும்பந்தோறும் நிலத்தை அனுபவித்துக்கொள்ளும் உரிமையும் தரப்பட்டன. மறுவருஷமே, அதாவது 1989-ல், அந்நாடு 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. முதலில் களம் நிறைந்தது; பிறகு கைகள் விடுபட்டன; 2008-க்குப் பின் பெரிய மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களும் பெண்களும் ஆயத்தமாயிருந்தனர். அங்கே வேலைக்குரிய வயதுள்ள பெண்களில் 10-க்கு ஏறக்குறைய 7 பேர் உழைப்பில் ஈடுபட்டுள்ளனர். நம் நாட்டில் 10-க்கு 4 பேரே. வரிசையைக் கவனிக்க: வயல், பள்ளிக்கூடம், தொழிற்சாலை.

இலங்கை வீட்டு நலத்தில் முன்னின்றதாயினும், கடன் வாங்கிய பணத்தை வருமானமெனக் கருதிச் செலவிட்டது. அத்துடன் 2021 மே மாதத்தில் ரசாயன உரங்களின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. இயற்கை உரம் நல்லதே. ஆயினும் போதிய தொழு உரமும் பயிற்சியும் இல்லாமல் ஒரே பருவத்தில் மாறும்படி உத்தரவிட்டதால், அடுத்து வந்த மகா போகத்தில் நெல் விளைவு வெகுவாகக் குறைந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டும் பருவம் கடந்துவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அந்நாடு அறிவித்தது. அவ்வருஷம் தேச உற்பத்தி 100-க்கு 7 பங்கிற்கு மேல் சுருங்கிற்று. 2022 மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும், பால் பவுடரும், மருந்துகளும் கப்பலேறிச் சென்றதை நம்மவர் அறிவர். அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு ஓராண்டில் இந்நிலைக்கு வந்தது.

வங்காள தேசம், ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்தால் கோடை நெல்லைப் பெருக்கிற்று. தையல் தொழிலால் லட்சக்கணக்கான பெண்களுக்குச் சம்பளம் தந்தது. எனினும் ஏற்றுமதியில் 100-க்கு 80 பங்கிற்கு மேல் ஆயத்த ஆடை என்னும் ஒரே பண்டத்தைச் சார்ந்திருப்பது, ஒரே பயிரை நம்பிய குடியானவரின் ஆபத்தைப் போன்றதே.

நமது பிரதேசத்தின் நிலை

மேற்கண்டவற்றை மனத்திற் கொண்டு மீண்டும் சிங்கப்பெருமாள் கோவிலை நோக்குவோம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் வேலையைத் தொடங்கின. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 10-க்கு 4 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் உள்ளனர். பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி ஸ்ரீபெரும்புதூரையடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆள் விளைவு உயர்வதற்கு வேண்டிய வாயில் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறதென்பது இதனால் விளங்கும்.

ஆனால் வாயில் திறந்தே இருக்குமென எண்ணலாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். மறைமலைநகரில் போர்டு கம்பெனி 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திற்று. நோக்கியாவின் கட்டிடத்தில் பிற்காலத்தில் வேறொரு கம்பெனி வந்து தொழில் தொடங்கியதுபோல், தொழிற்சாலை போனால் மற்றொன்று வரக்கூடும். ஏரியின் வரத்துக்கால் மனையாகிவிட்டால் அது திரும்பி வருவதில்லை. 2015 டிசம்பரில் இப்பிரதேசத்தைத் தாக்கிய வெள்ளத்தின் சேதத்தைத் தூர்ந்த ஏரிகளும் மறிக்கப்பட்ட வாய்க்கால்களும் மிகுவித்தன.

மனை விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை கூறுவது அவசியம். தேச உற்பத்திக் கணக்கில் நிலத்தின் விற்பனைத் தொகை சேர்க்கப்படுவதே இல்லை. நிலம் கை மாறுவதால் புதிதாக ஒரு பொருளும் உண்டாகவில்லை என்பதே காரணம். குடும்பக் கணக்கிற்கும் இவ்விதி பொருந்தும். நிலம் விற்ற பணம் முதலே; வருமானமாகாது. அம்முதலைக் கொண்டு வேறு நிலமோ, தொழிலோ, மக்களின் கல்வியோ உண்டாக்கினால் அது பிழைக்கும். கலியாணத்திலும் வாகனத்திலும் கரைத்துவிட்டால், கடனை வருமானமாக எண்ணிய நாட்டின் கதையே குடும்பத்திற்கும் நேரும்.

குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டியவை

1. வருஷந்தோறும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை, குடும்பத்தில் உழைத்த ஆளுக்கு எத்தனை மூட்டை என்னும் இரண்டு கணக்கையும் தனித்தனியே எழுதி வைக்கவும். முதலாவது உயர்ந்து இரண்டாவது உயரவில்லையாயின், குறை நிலத்தில் இல்லை. கைகள் மிகுதியென்று அறியவும்.

2. மண்ணைப் பரிசோதித்து உரமிடவும். உரத்தைக் குறைப்பதாயினும் மாற்றுவதாயினும், நிலத்தில் ஒரு பாகத்தில் செய்து பார்த்துப் பருவந்தோறும் படிப்படியாகச் செய்யவும்.

3. தனித்தனியே நடவு யந்திரமும் அறுவடை யந்திரமும் வாங்குவது சிறு நிலத்திற்குக் கட்டாது. பக்கத்து நிலத்தார் சேர்ந்து, ஒரே ரகத்தை ஒரே காலத்தில் நட்டு, யந்திரத்தை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம்.

4. மகனோடு மகளையும் பள்ளிப் படிப்பை முடிக்கச் செய்து, தொழிற்பயிற்சிக்கு அனுப்பவும். தொழிற்சாலை மாறினாலும் கற்ற தொழில் உடன் வரும்.

5. ஏரி, வரத்துக்கால், போக்குக்கால் புறம்போக்குகளை எல்லை தவறாமல் காப்பதும், அடங்கலை வயலுக்கே சென்று பார்த்து எழுதுவதும் கிராம உத்தியோகஸ்தர்களின் தலையாய கடமை. தரிசைத் தரிசென்றும், மனையை மனையென்றும் எழுதினால்தான் இப்பிரதேசத்தில் எஞ்சியுள்ள பாசன நிலம் எவ்வளவென்பது சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் தெரியவரும்.

அண்டை நாட்டாரோடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்பது பொறாமைக்காகவும் அன்று, பெருமைக்காகவும் அன்று. அவர்கள் எந்தப் படியில் ஏறினார்கள், எந்தப் படியில் வழுக்கினார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவே. ஏக்கர் விளைவு, ஆள் விளைவு, வீட்டு நலம் ஆகிய மூன்றும் ஒருங்கே உயர்ந்த இடத்தில்தான் வாழ்க்கைத் தரம் நிலைத்து நின்றிருக்கின்றது. அம்மூன்றுக்கும் வேண்டிய ஏரியும், தொழிற்சாலையும், பள்ளிக்கூடமும் ஒரு நாழிகை வழிக்குள் அமைந்திருக்கும் இப்பிரதேசத்தார், ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை இழந்துவிடாமல் மூன்றையும் பேணி வருவார்களாக.